நூறு மைல் வழியில் சாவடிகள்

பிரிட்டனின் கிராமப்புறங்களில் நடக்கும் நெடுந்தொலைவு ஓட்ட நிகழ்வுகளுக்கும் நகரச் சாலையில் ஓடும் மாரத்தானுக்கும் உள்ள வேறுபாடு தூரத்தோடு முடிந்துவிடுவதில்லை. வயல், மேய்ச்சல் நிலம், காடு, சதுப்பு மேடு எனச் செல்லும் பாதையைக் கயிறு கட்டிக் காட்டுவோர் பெரும்பாலும் இல்லாததால், பங்கேற்பவரே வழி கண்டு செல்ல வேண்டும் என்பதும், இடையிலுள்ள சோதனைச் சாவடிகள் அத்தனையையும் தொட்டால்தான் ஓடியது கணக்கில் சேரும் என்பதும் இவற்றின் தனி இலக்கணம். ஓட்டக்காரர் 'செக்பாயின்ட்' என்று சொல்லும் இவ்விடத்துக்குத் தமிழ்ச்சொல் மிக நன்றாகப் பொருந்துகிறது. வண்டியை நிறுத்திச் சோதிக்கும் இடமும் சாவடிதான், வழிப்போக்கர் இளைப்பாறிச் சென்ற இடமும் பழைய வழக்கில் சாவடிதான்.

1972இல் தொடங்கப்பட்ட 'லாங் டிஸ்டன்ஸ் வாக்கர்ஸ் அசோசியேஷன்' என்னும் நெடுந்தொலைவு நடையாளர் சங்கம், 1973 முதல் 'ஹண்ட்ரட்' என்ற நூறு மைல் நிகழ்வை நடத்தி வருகிறது. ஏறத்தாழ 161 கி.மீ. தூரத்தை 48 மணி நேரத்துக்குள் நடந்தோ ஓடியோ முடிக்க வேண்டும். முந்தி வந்தவருக்குப் பரிசு கிடையாது, முடித்தவர் எல்லோருக்கும் ஒரே மதிப்புதான். ஆண்டுக்கொரு வட்டாரத்தில், அவ்வட்டாரக் கிளையினர் ஊதியமின்றி உழைத்து இதை நடத்துகின்றனர்.

புறப்படும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவட்டை தரப்படுவது நெடுநாள் வழக்கம். சாவடியில் இருப்பவர் அதைச் சிறு இடுக்கியின் நடுவே வைத்து அழுத்துவார். இடுக்கியிலுள்ள முட்கள் சாவடிக்குச் சாவடி வேறு வேறு வடிவில் அமைந்திருப்பதால், அட்டையில் விழுந்த துளைகளைப் பார்த்தே அவர் எங்கெங்கு வந்து சென்றார் என்று சொல்லிவிடலாம். மின்னணுச் சில்லுகள் வந்த பிறகும் இந்த அட்டை முற்றிலும் மறைந்துவிடவில்லை. வழியைச் சொல்ல வரைபடத்தோடு எழுத்துக் குறிப்பும் உண்டு: வேலிப்படி தாண்டி, இடப்புற வேலியோரமாக இறங்கி, மூலைக் கதவு வழியாகத் தோப்புக்குள் நுழைக என்பது போன்ற வாசகங்கள் சுருக்கெழுத்துகளாகப் பக்கம் பக்கமாக நீளும். மனிதர் ஏறிக் கடக்கவும் ஆடுமாடுகள் தாண்டாதிருக்கவும் வேலியின் குறுக்கே அமைத்த படிகளே வேலிப்படிகள். பகலில் எளிதாகத் தோன்றும் இவை, எண்பதாவது மைலில் நள்ளிரவில் தலைவிளக்கோடு ஏறும்போது முழங்காலைச் சோதித்துவிடும்.

ஒவ்வொரு சாவடிக்கும் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் உண்டு. விரைந்து வந்தவர் திறக்கும்வரை காத்திருக்க, பிந்தியவர் மூடியபின் தொடர இயலாமல் விலக்கப்படுவார். ஓய்வையும் சேர்த்து மணிக்குச் சுமார் 3.35 கி.மீ. என்பதே 48 மணி நேரக் கணக்கு; கேட்பதற்குக் குறைவாகத் தோன்றும் இவ்வேகம் இரண்டாம் இரவின் சேற்றில் எட்டாக்கனியாகிவிடுவதுண்டு. இடையில் கைவிடுபவர் அதைச் சாவடியில் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் வீடு திரும்பிவிட்டால், ஆளில்லாத மேட்டில் இருட்டில் அவரைத் தேடிப் பலர் அலைய நேரும். ஆகவே சோதனை என்பது ஏமாற்றுவோரைப் பிடிப்பதற்கு மட்டும் உரியதன்று; யாரும் தொலைந்துபோகாமல் காப்பதே அதன் முதன்மைப் பயன்.

சாவடி என்ற சொல்லின் இளைப்பாறும் பொருளோ இன்னும் ஆழமானது. நெடுநேரம் ஓடும் உடலில் இரத்தம் கால் தசைகளுக்கும் தோலுக்கும் மிகுதியாகச் செல்வதால் குடலுக்குக் குறைந்து, காலையில் இனித்த உணவு மாலையில் குமட்டுகிறது. வெறும் நீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்திலுள்ள சோடியம் நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம். சூடான சூப்பும், ரைஸ் புட்டிங் எனப்படும் பாலில் வெந்த அரிசியும், பங்கேற்பவர் தாமே கொண்டுவரும் குவளையில் ஊற்றித் தரும் தேநீரும் அப்போது மருந்தாகின்றன. எனினும் நாற்காலியில் அதிக நேரம் உட்கார்ந்தால் தசைகள் இறுகி உடல் குளிர்ந்துவிடும் என்பதால், பரிவோடு உட்கார வைத்தவரே சற்று நேரத்தில் எழுப்பி அனுப்பவும் தெரிந்திருக்க வேண்டும்.

2019 ஜனவரியில், பென்னைன் வே என்னும் நெடும்பாதையில் 268 மைல் நீளும் ஸ்பைன் ரேஸில், பதினான்கு மாதக் குழந்தையின் தாயான ஜாஸ்மின் பாரிஸ் சாவடிகளில் தாய்ப்பாலைக் கறந்து எடுத்தபடியே ஓடி, 83 மணி 12 நிமிடம் 23 நொடிகளில் ஆண்களையும் சேர்த்து அனைவரையும் முந்தினார். அந்த ஓட்டத்தின் சிறப்பை நொடிக்கணக்கில் மட்டும் அளப்பது போதாது. ஓடுபவரின் உடலுக்கு வேண்டியதைச் செய்துகொள்ளச் சாவடி இடம் தந்தது என்பதும் சேர்த்துச் சொல்லத் தக்கதே.

நூறு மைல் நிகழ்வின்போது சாவடி மேசைகளில் நிற்போருக்கு அன்று ஓட வாய்ப்பில்லை. அதனால் சில வாரங்களுக்கு முன்பே அவர்களுக்கென அதே பாதையில் ஒரு நடை நடத்தப்படுகிறது. எந்த வேலிப்படி வழுக்கும், எந்தத் தோப்பில் வழி தவறும் என்பதைக் காலால் அறிந்துகொண்ட பிறகே அவர்கள் இடுக்கியையும் தேநீர்ப் பானையையும் கையில் எடுக்கின்றனர்.