ரெண்டு, மூணு, ஆறு

"ஏம்மா, டாக்டர் பண்ண மாட்டாரா?"

டென்டல் ஹைஜீனிஸ்டாக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். இரண்டு வருடம் படித்து, மாநிலப் பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்துவிட்டுத்தான் அந்தப் பெண் வந்திருப்பாள். பல்லைச் சுத்தம் செய்து காரை எடுப்பதும், பல்லைப் பேணச் சொல்லித்தருவதும் அவள் பணி என்று 1948-ம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டமே சொன்னது. வாயைத் திறந்து கிடப்பவரிடம் சட்டத்தை ஒப்பிக்கவா முடியும்? "டாக்டர் பார்த்துட்டாருங்க ஐயா, காரை எடுக்கிறது என் வேலை" என்றால் போதும். அந்த ஒரு வரியைக் குரல் நடுங்காமல் சொல்லத்தான் ஒரு பிடிமானம் வேண்டும். ஈறு நோயைப் பொறுத்தவரை அது புரோப் என்ற மெல்லிய அளவுகோலில் இருக்கிறது என்பது என் கட்சி.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே எல்லோருக்கும் ஒரு சிறு இடுக்கு உண்டு. நலமான ஈறில் அதன் ஆழம் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர். பல்லின் மேல் படலம் சேர்ந்து, காரையாக இறுகி, ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பும் கரையத் தொடங்கினால் அந்த இடுக்கு ஆழமான பையாகிவிடும். பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் பல் ஆடும்வரை யாரும் வருவதில்லை. வில்லியம்ஸ் புரோப்பில் 1, 2, 3, 5, 7, 8, 9, 10 என்று கோடுகள் இருக்கும். நான்கையும் ஆறையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள், கோடுகள் நெருங்கிக் கண்ணைக் குழப்பாமல் இருக்க. ஒரு பல்லுக்கு ஆறு இடம். 28 பல் என்றால் 168 எண்கள்.

சலிப்பான வேலைதான். வலித்துவிடுமோ என்ற பயத்தில் புதியவர்கள் மேலாகத் தொட்டுவிட்டு, ஐந்தை மூன்று என்று எழுதிவிடுவதும் இங்கேதான். 25 கிராம் அழுத்தம் போதும். பயிற்சிக்கென ஒதுக்கிய புரோப்பின் நுனியை டிஜிட்டல் தராசில் வைத்து அழுத்திப் பாருங்கள். அது எவ்வளவு லேசு என்று விரலுக்குப் பிடிபடும். பிறகு ஒரே வாயை நீங்களும் டாக்டரும் தனித்தனியே அளந்து ஒப்பிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் யாருக்கும் வரும். இரண்டு, மூன்று என்று விலகினால் கையைத் திருத்த வேண்டும்.

அளக்கும்போது எண்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். தொடங்குமுன், "மூணு வரைக்கும்னா நல்லாருக்குன்னு அர்த்தம். நாலு, அஞ்சுன்னு கேட்டா அங்க கோளாறு" என்று சொல்லிவையுங்கள். "ரெண்டு, மூணு, ரெண்டு... நாலு, ஆறு, அஞ்சு." பாதி வாய் முடிவதற்குள் அவரே, "பின்னாடி ஆறுன்னீங்களே, என்னம்மா அது?" என்பார். டாக்டர் எங்கே என்பது அனேகமாக மறந்துபோயிருக்கும்.

ரத்தத்தை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். புகைப்பவரின் ஈறில் கசிவு குறைவாகவே தெரியும். பார்க்க வெளிறி, இறுகி, நல்ல ஈறு போலிருக்கும். புரோப்பை விட்டால் ஏழு.

"க்ளீன் பண்ணா பல்லு ஆடும்னு சொல்றாங்களே" என்பதைச் சிரித்துத் தள்ளவும் கூடாது. அதில் பாதி உண்மை இருக்கிறது. எலும்பு கரைந்த பற்களைக் காரை சிமென்ட் பூசினாற்போலச் சேர்த்துப் பிடித்திருக்கும். எடுத்ததும் இருந்த ஆட்டம் தெரியவரும். வீக்கம் வற்றி ஈறு இறங்கினால் பல் நடுவே சந்து தெரியும், சில வாரம் கூசும். முன்னாலேயே சொன்னால் இது விளக்கம், பின்னால் சொன்னால் சமாளிப்பு.

ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் போன பையில், அதுவும் கடைவாய்ப் பல்லின் வேர்கள் பிரியும் இடத்தில், பழகிய கைகூடக் கொஞ்சம் காரையை விட்டுவிடும். அங்கே "டாக்டர் ஒருதரம் பார்க்கட்டும்" என்று சொல்வதில் கூச்சமே வேண்டாம்.

எல்லா வாயும் ஒரே மாதிரி நடந்துகொள்வதும் இல்லை. ஈறு நோய் ஆய்வாளர் ஹெரால்டு லோவின் குழு 1970 முதல் பதினைந்து ஆண்டுகள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்கள் 480 பேரைப் பின்தொடர்ந்தது. அவர்களுக்குப் பல் துலக்கும் வழக்கமும் இல்லை, பல் வைத்தியமும் இல்லை. எல்லோர் வாயிலும் படலமும் காரையும் இருந்தும், சுமார் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாகப் பரவியது, 81 சதவீதத்தினருக்கு நிதானமாக, மீதி 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. ஆகவே காரை எடுத்த பிறகும் ஒருவருக்கு எண் இறங்கவில்லை என்றால் உடனே உங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். சர்க்கரை எவ்வளவு என்று கேளுங்கள். மூன்று மாதச் சராசரி (HbA1c) 7 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் நோய் வேகமெடுக்கும் வகை என்று 2018-ல் வந்த ஈறு நோய்ப் பகுப்பு சொல்கிறது.

ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து அதே இடங்களை மறுபடி அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். ஆறு நாலாகியிருக்கும், நாலு மூணாகியிருக்கும். ஒன்றிரண்டு அசையாமல் நிற்கும். தாளை அப்படியே அவர் கையில் கொடுங்கள். அசையாதவற்றைச் சிவப்பு மையில் வட்டமிட்டு டாக்டரிடம் காட்டிவிட்டு, மூன்று மாதம் தள்ளி அடுத்த தேதியைக் குறித்துக் கொடுங்கள்.