பாதிப் படத்துக்கு முழுத் தீர்ப்பு

இந்திப் படங்களின் இரண்டாம் பாகங்களில் பெரும்பாலானவை ‘முதல் பாகம் அளவுக்கு இல்லை’ என்ற ஒரே பேச்சோடு அடங்கிவிடும். ‘கேங்ஸ் ஆஃப் வாசேபூர்’ இரண்டாம் பாகம் அப்படி அடங்கவில்லை. 2012 ஆகஸ்டில் திரைக்கு வந்த நாளிலிருந்தே ரசிகர்கள் அதை வைத்து இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். சர்தார் கானாக வந்த மனோஜ் பாஜ்பாய் முதல் பாகத்தின் கடைசியில் குண்டடிபட்டு விழுந்தாரே, படமும் அங்கேயே முடிந்துவிட்டது என்கிறது ஒரு கட்சி. அதற்குப் பிறகு வருவதெல்லாம் இழுவை, யார் யாரைச் சுட்டார்கள் என்ற கணக்குப் புத்தகம் என்பது அவர்கள் வாதம். மறு கட்சிக்கோ கஞ்சா மயக்கத்தில் கிடந்து வேறு வழியில்லாமல் துப்பாக்கி எடுக்கிற சர்தாரின் மகன் ஃபைசல் கான்தான் படமே. நவாசுதீன் சித்திக்கை நாடறிய வைத்த பாத்திரம் என்பதால் அந்தக் கட்சியில் கூட்டமும் அதிகம். இத்தனை சண்டையிலும் இரு தரப்பும் ஒரு விஷயத்தைக் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொள்கின்றன. இரண்டாம் பாகத்தைத் தனியே பிரித்து வைத்து மார்க் போடலாம் என்பதுதான் அது. அது தொடர்ச்சியாகப் பின்னால் யோசித்து எடுத்த படமல்ல. ஒரே படத்தின் பின்பாதி. அதன்மேல் சுமத்தப்படும் குற்றங்களில் பாதிக்கு மேல், வெட்டிய கத்திக்குப் போக வேண்டியவை.

எப்படி வெட்டினார்கள் என்பது ஒளிவுமறைவில்லாத கதை. அனுராக் காஷ்யப் எடுத்தது ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற ஒற்றைப் படம். 2012 மே மாதம் கான் திரைப்பட விழாவின் ‘டைரக்டர்ஸ் ஃபோர்ட்நைட்’ பிரிவில் முழுசாகவே திரையிட்டார்கள். நம் ஊர்த் தியேட்டர்களில் ஒரு நாளைக்கு நான்கு காட்சி என்கிற கணக்குக்கு அவ்வளவு நீளம் ஒத்துவராது. எனவே சுமார் 160 நிமிடங்கள் கொண்ட இரண்டு துண்டுகளாக்கினார்கள். முதல் துண்டு ஜூன் 22 அன்று வந்தது, இரண்டாவது ஆகஸ்ட் 8 அன்று. நடுவில் 47 நாள். மூன்று தலைமுறை, ஏகப்பட்ட பெயர்கள், மாமன் மச்சான் உறவுகள் என்று நெருக்கமாகப் பின்னிய கதையில் 47 நாள் இடைவேளை எதையெல்லாம் அழித்துவிடும் என்று சொல்லத் தேவையில்லை. அதோடு, ஒரே வாரத்தில் சல்மான் கானின் ‘ஏக் தா டைகர்’ வந்து திரைகளை அள்ளிக்கொண்டு போனது. ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்தோடு இதை ஒப்பிடுகிறவர்கள் மறப்பது ஒன்றுண்டு. 1972இல் முதல் படம் வென்ற பிறகு, புதிதாக எழுதி 1974இல் எடுத்த படம் அது. அதற்கெனத் தனி ஆரம்பமும் தனி முடிவும் உண்டு. வாசேபூரின் இரண்டாம் பாகத்துக்கு அப்படி ஓர் ஆரம்பம் எழுதப்படவே இல்லை. 2019இல் ‘கார்டியன்’ நாளிதழ் இந்த நூற்றாண்டின் சிறந்த நூறு படங்களைப் பட்டியலிட்டபோது, இரண்டு பாகங்களையும் சேர்த்து ஒரே படமாக எண்ணி 59ஆம் இடம் கொடுத்தது. அந்தக் கணக்குதான் சரி.

முதல் பாகத்தின் முதல் காட்சியே இதற்குச் சாட்சி. 2004 ஜனவரி. தொலைக்காட்சியில் மாமியார் மருமகள் தொடர் ஓடிக்கொண்டிருக்க, ஒரு கூட்டம் துப்பாக்கியும் வெடிகுண்டுமாக வந்து ஃபைசல் கானின் வீட்டைச் சல்லடையாக்குகிறது. யார் இவர்கள், யார் மேல் இவ்வளவு கோபம் என்று புரிவதற்குள் கதை சுதந்திரத்துக்கு முந்தைய காலத்துக்குத் தாவிவிடுகிறது. அந்தக் கேள்விக்கு விடை இரண்டாம் பாகத்தின் நடுவில்தான் வருகிறது. கேள்வியை ஜூன் மாதத்தில் கேட்டு விடையை ஆகஸ்டில் சொன்னால், கேட்டவனுக்குக் கேள்வியே மறந்திருக்கும். கடன்களும் இப்படித்தான். தாத்தா ஷாஹித் கானைக் கொல்ல ஆள் வைத்தவர் ராமாதீர் சிங். அந்தப் பழியைத் தீர்க்கும்வரை தலைமுடி வளர்ப்பதில்லை என்று திரிந்த சர்தார் தீர்க்காமலே செத்தான். மூத்த மகன் டேனிஷும் இரண்டாம் பாகத்தின் தொடக்கத்திலேயே போய்ச் சேர்கிறான். மிச்சக் கடன் அத்தனையும் ஃபைசல் தலையில் விடிகிறது. முன்பாதி கண்முன் நிற்கும்போது பார்த்தால், விருப்பமில்லாத ஒருவன்மேல் மூன்று தலைமுறைப் பாரம் இறங்குவது தெரியும். அது மறந்துபோன பிறகு பார்த்தால், ஒரு போதைக்காரன் காரணமில்லாமல் ரவுடியானது போலத்தான் இருக்கும்.

இங்கேதான் முதல் புகாரை எடைபோட வேண்டும். முதல் பாகத்தில் நிலக்கரி இருந்தது, தொழிற்சங்கம் இருந்தது, ஒரு ஊரின் வரலாறே இருந்தது. இரண்டாம் பாகத்தில் கொலைகள் மட்டும்தான் மிச்சம் என்கிறார்கள். அவர்கள் பார்த்தது உண்மை. ஆனால் அதற்கான காரணம் வாசேபூர் இருக்கிற தன்பாத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் சுரங்கங்கள் தேசியமயமாயின. தனியார் முதலாளிக்காகத் தொழிலாளியை அடித்து வேலை வாங்கியவர்கள், அதற்குப் பிறகு சங்கத் தலைவர்களாகவும் ஒப்பந்தக்காரர்களாகவும் சட்டமன்ற உறுப்பினர்களாகவும் உருமாறினார்கள். முதல் பாகம் காட்டுவது அந்த மாற்றத்தை. பின்பாதி நடக்கிற காலத்தில் நிலக்கரியின் பெரும்பணம் வாசேபூர்க்காரர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அவர்களுக்கு வாய்த்தது பழைய இரும்பு வியாபாரமும் ஏலத்தில் போட்டிக்காரனை மிரட்டி ஒதுக்குவதும்தான். கொள்ளைப் பொருள் சுருங்கச் சுருங்கக் கொலைகள் பெருகுகின்றன. தாத்தாவின் காலத்தில் ஒரு கொலை நடந்தால் ஒரு சுரங்கமே கைமாறும். பேரன்களின் காலத்தில் ஒரு கொலைக்கு அடுத்த கொலையைத் தவிர வேறு விளைவு கிடையாது. முதல் பாகத்தின் கனம் இரண்டாவதில் இல்லை என்று ரசிகர்கள் சொல்லும்போது இந்தத் தேய்மானத்தைத்தான் கண்டுபிடிக்கிறார்கள். கண்டுபிடித்ததைக் குறையென்று எழுதிவிடுகிறார்கள்.

இரண்டாவது புகார், கொலையெல்லாம் கேலிக்கூத்தாகிவிட்டது என்பது. ஷம்ஷாத் ஆலம் என்ற எதிரியைச் சுடப் போகிற ஃபைசலின் தம்பி டெஃபினிட்டின் துப்பாக்கி மக்கர் செய்கிறது. அப்புறம் துரத்தப் போனவனே துரத்தப்படுகிறான். எதிரிக் குடும்பத்துச் சுல்தானைக் கொல்லும் காட்சியில் கொலைகாரர்கள் காய்கறிச் சந்தையில் செல்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, பேச்சு காய்கறி வாங்குவதில் வந்து நிற்க, சாவகாசமாகப் பின்தொடர்கிறார்கள். ஃபைசலின் கூட்டத்துப் பையன்களுக்குப் பெயர்களும் பர்பெண்டிகுலர், டேஞ்சென்ட்! இதையெல்லாம் பார்த்து இயக்குநர் விளையாடுகிறார் என்று அலுத்துக்கொண்டவர்கள் பலர். ஆனால் சந்தைக் காட்சியின் நீளத்தைக் கவனித்தால் விஷயம் வேறு. திறமையான அடியாள் வந்து ஒரு நொடியில் முடித்துவிட்டுப் போனால் அது சாகசம். அனுபவமில்லாத பையன்கள் தடுமாறித் தடுமாறிச் செய்யும்போது, இது எவ்வளவு அற்பமான வேலை என்பது வெட்டவெளிச்சமாகிறது. இவர்கள் கொலைகாரர்களாக வளர்ந்தவர்கள் இல்லை, சினிமா பார்த்து வளர்ந்தவர்கள். ஃபைசலே தன்னை அமிதாப் பச்சனாக நினைத்துத் திரிந்தவன். தான் இத்தனை ஆண்டு பிழைத்திருப்பதற்குக் காரணம் சினிமா பார்க்காததுதான் என்று ராமாதீர் சிங் தன் ஆட்களிடம் சொல்கிற இடம் ரசிகர்களிடையே வெகு பிரபலம். கைதட்டலுக்காக எழுதிய வசனம் போலத் தோன்றினாலும், பின்பாதியின் கூத்துகள் எல்லாவற்றுக்கும் விளக்கம் அதில் இருக்கிறது. தன்னைக் கதாநாயகனாக நினைத்துக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக விழுகிறார்கள். அரசியல்வாதி ஏறக்குறைய அவர்கள் எல்லாரையும் கடந்து நிற்கிறார்.

இதை அரசியல் படம் என்று சொல்ல வைப்பதும் அந்த ராமாதீர் சிங்தான். திக்மான்ஷு தூலியா அந்தப் பாத்திரத்தில் குரலை உயர்த்துவதே அரிது. தானாகத் துப்பாக்கி எடுத்து நிற்க வேண்டிய அவசியமும் அவருக்கு வருவதில்லை. இரண்டு முஸ்லிம் குடும்பங்கள் தங்களுக்குள் வெட்டிக்கொள்ளும்வரை தன் நாற்காலிக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தவர். ஃபைசல் தேர்தலில் நிற்கத் துணியும்போதுதான் அவருக்கு முதல்முறையாக வியர்க்கிறது. முடிவில் ஃபைசல் அவரைச் சல்லடையாக்கிப் பரம்பரைப் பழியைத் தீர்க்கிறான். ஆனால் அதே நாளில், சர்தாரின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த டெஃபினிட்டின் கையாலேயே ஃபைசலும் சாகிறான். அதற்குப் பின்னால் இருப்பது ராமாதீரின் மகன் ஜே.பி.சிங். பழி தீர்ந்தது, பதவி மட்டும் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. தமிழ் ரசிகனுக்கு இந்த முடிவு புதிதாக இருக்காது. முதல் பாகத்தின் தொடக்கத்தில் பாலா, அமீர், சசிகுமார் மூவருக்கும் காஷ்யப் நன்றி சொல்லியிருக்கிறார். தன் வேர்களைத் தேடிப் போக மதுரைக்காரர்களின் படங்களே தூண்டின என்பது அதன் சாரம். 2008இல் வந்த ‘சுப்ரமணியபுர’த்தில் வேலையில்லாத இளைஞர்களை ஓர் அரசியல் குடும்பம் கொலைக்குப் பயன்படுத்திவிட்டுக் கைகழுவும். வாசேபூரின் பின்பாதி அந்தக் கதையின் நெருங்கிய உறவு. முதல் பாகத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த உறவு பிடிபடாமலே போயிருக்கும்.

காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவனுக்கு இந்த நியாயமெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். தனிப் படமாக விற்றார்கள், தனிப் படமாகப் பார்த்தான், பிடிக்கவில்லை என்றான். அதில் என்ன தவறு? தவறே இல்லை. 2012 ஆகஸ்டில் தியேட்டரில் உட்கார்ந்து அலுத்துப்போன ரசிகனின் அலுப்பு நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வெட்டி விற்றவர்கள். ஆனால் அன்றைய அலுப்பை இன்றும் படத்தின் இலக்கணமாகச் சொல்வதற்கு நியாயமில்லை. இப்போது வீட்டில் உட்கார்ந்து இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். ஒரு விற்பனை ஏற்பாட்டால் பிறந்த தீர்ப்பு, அந்த ஏற்பாடு இல்லாமல் போன பிறகும் அப்படியே நீடிக்க வேண்டியதில்லை.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. சோர்வாக இருப்பதே நோக்கம், சிதறலாக இருப்பதே அழகு என்று சொல்லிவிட்டால் எந்த மோசமான படத்தையும் காப்பாற்றிவிடலாமே? இதற்கு ஒரே வழி, காட்சி காட்சியாகப் பிரித்துப் பார்ப்பதுதான். சந்தைக் காட்சி நீளம், ஆனால் ஒரு நொடியும் கண்ணை எடுக்க முடியாது. தான் இந்த வாழ்க்கையைக் கேட்டு வாங்கவில்லை என்று ஃபைசல் மனைவி மொஹ்சினாவிடம் உடைந்து அழுகிற இடம், அதுவரை சிரித்த சிரிப்புக்கெல்லாம் கணக்குக் கேட்கிறது. இவை நோக்கத்தோடு நீண்டவை. இக்லாக் விஷயம் அப்படியல்ல. ஃபைசலின் கூட்டத்துக்குள் நுழைந்து காட்டிக்கொடுக்கப் போகிறவனை அவ்வளவு தாமதமாக அறிமுகப்படுத்தி, நாம் அவனை நம்புவதற்குள்ளேயே துரோகியாக்கினால் அந்தத் துரோகம் வலிப்பதில்லை. புதிய ஆட்கள் வரும்போதெல்லாம் கதைசொல்லி நாசிரின் குரல் வந்து விளக்க வேண்டியிருப்பதும் பலவீனமே. எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு பெண்கள். முதல் பாகத்தில் கத்தியோடு கணவனைத் தெருவில் துரத்திய சர்தாரின் மனைவி நக்மா, இதில் பிணங்களுக்கு முன் அமர்ந்து அழுதுவிட்டுத் தானும் சுடப்பட்டுப் போகிறாள். ரீமா சென் நடித்த துர்கா, மகன் டெஃபினிட்டை வளர்த்து அனுப்பிய பிறகு ஏறக்குறையக் காணாமலே போகிறாள். ரிச்சா சட்டாவும் ரீமா சென்னும் சேர்ந்து முதல் பாகத்துக்குக் கொடுத்த உயிர் பின்பாதியில் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் இந்தக் குறைகள் மறைவதில்லை. இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. இரண்டாம் பாகத்தைக் குறைசொல்ல விரும்புகிறவர்கள் சொல்ல வேண்டியது இவற்றைத்தான்.

வன்முறையைக் கொண்டாடுகிறது என்ற குற்றச்சாட்டையும் ஒதுக்கிவிட முடியாது. எங்கள் ஊரை ரவுடிகளின் ஊராகக் காட்டிவிட்டார்கள் என்று வாசேபூர்வாசிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஓர் உண்மையான பெயரைப் படத்தலைப்பில் வைத்த பிறகு அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஃபைசலின் பழிவாங்கும் வசனங்களைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்ளும் ரசிகர்களும், ராமாதீர் சிங் ஏளனம் செய்த அதே கூட்டத்தில் சேர்ந்துகொள்கிறார்கள். அதற்குப் படமும் ஓரளவு பொறுப்பு. கடைசித் துப்பாக்கிச் சூட்டைக் காஷ்யப் அவ்வளவு ரசித்து, அவ்வளவு நேரம் எடுத்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் இந்தக் குற்றச்சாட்டு ஒன்றை விட்டுவிடுகிறது. அந்தச் சூட்டோடு படம் முடியவில்லை. வென்றவன் சில நிமிடங்களில் தன் தம்பியின் குண்டில் அநாதையாகச் சாவதையும் அதே படம் காட்டுகிறது. வசனத்தை மட்டும் வெட்டி எடுத்துச் சட்டையில் போட்டுக்கொள்கிறவனும், பின்பாதியை மட்டும் வெட்டி எடுத்துத் தீர்ப்புச் சொல்கிறவனும் செய்வது ஏறத்தாழ ஒரே வேலை.

இது ஒரு பழைய இந்திப் படத்தோடு முடிகிற விவகாரமல்ல. ஒரு கதையை இரண்டாகப் பிரித்து விற்பது இப்போது தென்னிந்தியாவிலும் பழக்கமாகிவிட்டது. ஒரே மூச்சில் படமாக்கிய ‘பொன்னியின் செல்வன்’ 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலுமாக ஏழு மாத இடைவெளியில் வந்தது. ‘விடுதலை’யின் இரண்டு பாகங்களுக்கு நடுவே ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அப்போதெல்லாம் எழுந்த ‘முதல் பாகம் அளவுக்கு இல்லை’ என்ற குரலில் எவ்வளவு படத்தைப் பற்றியது, எவ்வளவு இடைவெளியைப் பற்றியது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டாம் பாகத்தைப் பற்றி வாய் திறக்குமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது: இது பின்னால் யோசித்து எழுதிய தொடர்ச்சியா, முன்பே எழுதி வெட்டிய பாதியா? தொடர்ச்சி என்றால் அது தன் காலில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் தயங்காமல் சொல்லலாம். பாதி என்றால் மற்றப் பாதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். அந்தச் சிரமத்தை ஏற்காத ரசிகனுக்கும் கருத்துச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் அவன் சொல்வது தியேட்டரில் கழித்த ஒரு மாலையைப் பற்றிய கருத்தாக இருக்குமே தவிர, படத்தைப் பற்றியதாக இருக்காது.