கருவி ஊருக்குப் போயிருக்கிறது!

மளிகைக் கடைத் தராசுக்குக்கூட உரிய காலத்தில் முத்திரை வேண்டும் என்கிறது சட்டம். நியாயமே. ஆனால், "தராசை விட்டுவிட்டுப் போ, ஒரு மாதம் கழித்துத் தருகிறோம், அதுவரை கண்ணளவில் நிறுத்துக் கொடு" என்றால் ஊர் சிரிக்காதா?

மின் நிறுவனங்கள் பலவற்றில் நடப்பது இதுதான்! உயர் அழுத்தப் பிரேக்கர்களுக்குள் அடைத்திருப்பது சல்பர் ஹெக்சாபுளோரைடு என்னும் வாயு. நிறமில்லை, மணமில்லை, காற்றைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு கனம். தூய்மையாக உள்ளவரை நஞ்சில்லை. உள்ளே மின்பொறி பாய்ந்து சிதைந்து, ஈரமும் சேர்ந்துவிட்டால் சல்பர் டையாக்சைடு, ஹைட்ரஜன் புளோரைடு போன்றவை பிறக்கின்றன. மூச்சுக்குழலை அரிக்கும் நஞ்சுகள் அவை! பிரேக்கரைத் திறக்கப் போகும் தோழருக்கு உள்ளிருப்பதை முன்கூட்டிச் சொல்வது சோதனைக் கருவி. வாயுவின் தூய்மை, ஈரம், சல்பர் டையாக்சைடு ஆகியவற்றை அது அளந்து காட்டும்.

அந்தக் கருவியும் நாளடைவில் அளவு பிசகும். அதிலுள்ள மின்வேதி சென்சார், சும்மா கிடந்தாலும் தேயும். ஆகவே காலிபரேஷன் தேவை. இதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. செய்யும் முறையில்தான் வேறுபடுகிறோம். கருவி முழுவதையும் பெட்டியில் கட்டி, தயாரித்தவருக்கே அனுப்புகிறார்கள். சில வேளை கடல் கடந்தும் போகிறது. சரக்கு, சுங்கம், வரிசை, சான்றிதழ் என வாரங்கள் ஓடுகின்றன. பிரேக்கர் காத்திருக்கிறது. காத்திருந்தால்கூடப் பரவாயில்லையே! "போன தடவை நன்றாகத்தானே இருந்தது, திற" என்று உத்தரவு பிறக்கும் நாளும் வரும். திறப்பவர் உத்தரவிட்டவர் அல்லர்.

வழி இல்லையா? இருக்கிறது. சென்சாரை மட்டும் கழற்றி மாற்றத்தக்க கருவிகள் வந்துவிட்டன. ஆலையிலேயே சரிபார்த்த புதிய சென்சார் சான்றிதழோடு வருகிறது. துணைமின் நிலையத்திலேயே பொருத்திக்கொள்ளலாம். பழையது பார்சலில் திரும்பும். பழைய வகைக் கருவி வைத்திருப்போர், அனுப்பும் காலத்துக்கு மாற்றுக் கருவி தரவேண்டும் என்று கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே மாதத்தில் கெடு வராமல் தேதிகளைப் பிரித்து வைக்க, சுவரில் மாட்டும் ஒரு காலண்டர் போதும். அதற்குமா கமிட்டி?

செலவு என்பார்கள். ஒரு சென்சாரின் விலையையும், பிரேக்கர் ஒன்றை ஒரு மாதம் வீணே நிறுத்தி வைக்கும் நட்டத்தையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள் என்கிறோம். தோழரின் நுரையீரலை அந்தக் கணக்கில் நாம் சேர்க்கவே இல்லை. அடுத்த டெண்டர் வெளியாகும்போது, மாற்றுக் கருவி பற்றிய அந்த ஒரு வரி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம்.