வீட்டுக் கணக்கு – 11: இருபது வருட டியூவை முன்கூட்டி முடிப்பது

வீட்டுக் கடனின் மாதத் தவணை முதல் மாதமும் கடைசி மாதமும் ஒரே தொகைதான். அதில் வட்டிக்குப் போவது எவ்வளவு, அசலில் கழிவது எவ்வளவு என்பது மட்டும் மாறிக்கொண்டே வரும். 40 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கினால் தவணை 34,713 ரூபாய். முதல் மாதம் கட்டும் பணத்தில் 28,333 ரூபாய் வட்டி. அசலில் கழிவது 6,380 ரூபாய். ஒரு மாதம்கூடத் தவறாமல் ஐந்து வருடம் கட்டினால் கையை விட்டுப் போயிருப்பது 20 லட்சத்து 83 ஆயிரம். கடன் குறைந்திருப்பதோ 4 லட்சத்து 75 ஆயிரம்தான். 40 லட்சம் பாதியாக, 20 லட்சமாக, இறங்குவதற்கு 13 வருடம் 10 மாதம் ஆகிவிடும். முழு இருபது வருடமும் கட்டி முடித்தால் வட்டி மட்டும் 43 லட்சத்தைத் தாண்டும்.

கோவை சத்தி ரோட்டில் சரவணம்பட்டி, கீரணத்தம், விளாங்குறிச்சி, காளப்பட்டி பக்கம் வீடு வாங்கியவர்களில் பலருக்கு இந்தக் கணக்கு ஏதோ ஒரு தொகையில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த சரவணம்பட்டி, ஐ.டி. பூங்காக்களும் பொறியியல் கல்லூரியும் சேர்ந்து வளர்த்துவிட்ட பகுதி. கணவன், மனைவி இருவரும் சம்பளக்காரர்கள், ஒரு கார் லோன், ஒன்றோ இரண்டோ பள்ளிக் கட்டணம், ஊரில் பெற்றோர், அவர்களுக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு என்பது இங்கே சகஜமான குடும்ப அமைப்பு. கடனை இருபது வருடத்துக்கு வாங்கியிருந்தாலும் பத்து, பன்னிரண்டு வருடத்தில் முடித்துவிடவேண்டும் என்பதுதான் பெரும்பாலும் நினைப்பு. பெரிய தொகை ஏதாவது வரட்டும், மொத்தமாகக் கட்டிவிடலாம் என்று காத்திருப்பதில்தான் அந்த நினைப்பு தள்ளிப்போகிறது.

முன்கூட்டிக் கட்டும் பணத்துக்கு, அது எவ்வளவு என்பதைப் போலவே எப்போது கட்டப்படுகிறது என்பதும் முக்கியம். மேலே சொன்ன கடனில் முதல் வருடம் முடிந்ததும் ஒரு லட்சம் ரூபாயை அசலில் கட்டினால் கடைசியில் ஏறத்தாழ 14 தவணைகள் குறையும். மிச்சமாகும் வட்டி 3 லட்சத்து 75 ஆயிரத்துக்கு மேல். அதே ஒரு லட்சத்தைப் பதினைந்தாம் வருட முடிவில் கட்டினால் நாலரைத் தவணைகூடக் குறையாது. மிச்சம் 50 ஆயிரம் சொச்சம். ஆகவே பத்தாவது வருடம் ஊர் நிலத்தை விற்றுப் பெரிய தொகை கட்டலாம் என்று இருப்பதைவிட, முதல் ஐந்து வருடத்தில் போனஸ் வரும்போதெல்லாம் ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று போடுவதே வேலை செய்கிறது.

மொத்தமாகப் போட முடியாதவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாக, அதாவது 12-க்குப் பதில் 13 கட்டினால், இந்தக் கடன் 16 வருடம் 8 மாதம் வாக்கில் முடிந்துவிடும். இன்னும் வலுவானது, சம்பளம் உயரும்போது தவணையையும் வருடத்துக்கு 5 சதவீதம் ஏற்றிக்கொள்வது. முதல் ஏற்றம் மாதம் 1,736 ரூபாய்தான். 34,713 என்பது 36,449 ஆகும். இப்படியே ஏற்றிக்கொண்டு போனால் இருபது வருடக் கடன் பன்னிரண்டேகால் வருடத்தில் முடிகிறது. சம்பள உயர்வு கைக்கு வந்த முதல் மாதமே வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு மாதம் கழிந்தால் அந்த உயர்வுக்கும் வீட்டில் ஏதாவது செலவு முளைத்திருக்கும்.

இப்படிக் கட்டுவதற்குக் கட்டணம் கிடையாது. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூன் மாதமே உத்தரவு போட்டுவிட்டது. கவனிக்கவேண்டியது வேறு. பணம் கட்டியபின் தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா என்பதை எழுத்தில் சொல்லவேண்டும். முதல் வருடம் கட்டிய அந்த ஒரு லட்சத்துக்குத் தவணையைக் குறைத்துக்கொண்டால் மாதம் 885 ரூபாய் குறையும். மொத்த வட்டி மிச்சம் ஒரு லட்சத்துச் சொச்சம். தவணையை அப்படியே விட்டுக் காலத்தைக் குறைத்தால்தான் மூன்றேமுக்கால் லட்சம். கடன் கணக்கில் சும்மா போட்டுவைத்த கூடுதல் பணம் வரப்போகும் தவணைகளுக்கான முன்பணமாக வரவு வைக்கப்பட்டுவிடுவதும் உண்டு. ஆகவே அசலில் கழித்துத் திருத்திய தவணை அட்டவணையை வங்கியிடம் கேட்டு வாங்கி, மீதி அசல், கடைசித் தவணை மாதம் இரண்டையும் பார்த்தபிறகுதான் அந்த வேலை முடிந்ததாக அர்த்தம்.

வட்டி விகிதம் ஏறும்போது நடப்பது இன்னும் நுட்பமானது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டன. 2020 மே முதல் 4 சதவீதத்தில் இருந்த ரெப்போ, 2022 மே மாதம் ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தில் வந்து நின்றது. அதாவது 7 சதவீதத்தில் இருந்த கடன் 9.5 சதவீதத்துக்கு வந்துவிட்டது. தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டுவதே வழக்கம் என்பதால் பலருக்கு இது உறைக்கவே இல்லை. 7 சதவீதத்தில் 20 வருடத்துக்கு வாங்கிய 40 லட்சத்துக்குத் தவணை 31,012 ரூபாய். இரண்டு வருடம் கழித்து, மீதி 38 லட்சமாக இருக்கும்போது வட்டி 9.5 ஆனால், அந்தத் தவணையில் 30,100 ரூபாய் வட்டிக்கே போய்விடும்; அசலில் கழிவது 900 ரூபாய். அதே தவணையில் கடனை முடிக்க, பாக்கி 18 வருடம் என்று இருந்தது 37 வருடத்துக்கு மேல் ஆகும்! அவ்வளவு காலம் வங்கி தராது, வயது வரம்பு இடிக்கும், கடைசியில் தவணையும் ஏறும். இதனால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா, ஒரு பகுதியையோ முழுவதையுமோ அடைப்பதா என்ற தேர்வைக் கடன்காரரிடம் கேட்டாகவேண்டும் என்றது. 2025-ல் ரெப்போ படிப்படியாக இறங்கியபோது தவணையைக் குறைத்துக்கொள்ளாமல் பழைய தொகையையே கட்டி வந்தவர்கள், கைக்காசு எதையும் புதிதாக எடுக்காமலே கடனைச் சுருக்கிக்கொண்டார்கள்.

இவ்வளவும் வீட்டு வரவுசெலவு இடம் கொடுத்தால்தான். கடனில் கட்டிய பணம் அவசரத்துக்குத் திரும்பி வராது. கேட்டால் டாப்-அப் என்று இன்னொரு கடன்தான் கிடைக்கும். ஐ.டி. வேலையில் ஒரே மின்னஞ்சலில் சம்பளம் நின்றுபோகிற நாட்களும் உண்டு. எனவே ஆறு மாதத் தவணையும் ஆறு மாத வீட்டுச் செலவும் தனியாகச் சேமிப்பிலோ வைப்பு நிதியிலோ இருப்பது முதல் படி. அடுத்து, வீட்டுக் கடனைவிட வட்டி அதிகமான கடன்கள். கிரெடிட் கார்டு பாக்கிக்கு வருடத்துக்கு 36 முதல் 42 சதவீதம் வரை ஓடுகிறது. தெரிந்தவரிடம் ரெண்டு வட்டிக்கு வாங்கிய கைமாற்று வருடத்துக்கு 24 சதவீதம். இவற்றை வைத்துக்கொண்டு 8.5 சதவீதக் கடனை முன்கூட்டி அடைப்பது தலைகீழ்க் கணக்கு.

மாதக் கணக்கு நன்றாக எழுதும் வீடுகளிலும் விட்டுப்போவது மாதாமாதம் வராத செலவுகள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று, சொத்து வரி அரையாண்டுக்கு ஒன்று, ஜூனில் பள்ளிக் கட்டணம், வண்டி இன்ஷூரன்ஸ், கோடையில் போர் வற்றினால் தண்ணீர் லாரி, குடியிருப்புச் சங்கத்தின் பெயின்ட் அடிக்கும் வசூல். கொங்குப் பகுதியில் இதற்கு மேல் சீர் இருக்கிறது. தங்கை வீட்டுக் காதுகுத்துக்கோ, மச்சான் மகள் சீருக்கோ போகும்போது வெறுங்கையோடு போக முடியாது. தன் வீட்டு விசேஷத்தில் வந்த மொய் நோட்டில் எழுதியிருக்கிறது, அது திருப்பிச் செய்தாகவேண்டிய பாக்கி. இவற்றையெல்லாம் வருடத்துக்குக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் ஒதுக்கியபின் மிஞ்சுவதுதான் கடனுக்குப் போகக்கூடிய உண்மையான உபரி. ஒதுக்காமல் உற்சாகத்தில் கட்டிவிட்டு, மூன்றாம் மாதம் சீருக்காக நகையை அடகு வைக்கும் வீடுகளில் லாபம் அடகு வட்டியில் கரைகிறது.

உபரியைக் கடனில் போடாமல் வேறு எதிலாவது போட்டால் கூடக் கிடைக்காதா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழும். 7 சதவீத வைப்பு நிதி, 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு வரி போக 4.8 சதவீதம்தான், 8.5 சதவீதக் கடனுக்கு முன்னால் அது நிற்காது. பி.எஃப். வேறு விஷயம். 2024-25-க்கு 8.25 சதவீதம் வட்டி கொடுத்தது, அதை எடுத்துக் கடனை அடைப்பதில் பெரிய லாபம் இல்லை, ஓய்வுக்காலம் மட்டும் வெறுமையாகும். பங்குச்சந்தை ஃபண்டுகள் நீண்ட காலத்தில் கடன் வட்டியைத் தாண்டலாம், தாண்டாமலும் போகலாம்; கடனை அடைத்தால் 8.5 சதவீதம் மிச்சம் என்பதில் மட்டும் சந்தேகம் கிடையாது. இதைவிட அதிகம் நிச்சயம் என்று யாராவது சொன்னால் கொங்கு மண்டலத்துக்காரர்கள் இரண்டு பெயர்களை நினைத்துக்கொண்டால் போதும். திருப்பூர் பாசி நிறுவனம் அந்நியச் செலாவணி வியாபாரம் என்று சொல்லித் திரட்டிய பணத்தில் 930 கோடி ரூபாய் மோசடி 2009-ல் வெளிப்பட்டது. கோவை சிறப்பு நீதிமன்றத்தில் தீர்ப்பு வர 2022 ஆகிவிட்டது. பெருந்துறை ஈமு கோழிப் பண்ணைகள் 2012-ல் கவிழ்ந்தன.

சீட்டுப் போடுவது அவ்வளவு மோசமில்லை. 1982-ஆம் வருடச் சட்டப்படி பதிவான ஏலச் சீட்டில் மாதம் கட்டிவந்து, தள்ளுபடி குறைந்த கடைசி மாதங்களில் எடுத்துக் கடனில் போடலாம். கட்டாயச் சேமிப்பாக அது உதவும். ஆரம்பத்திலேயே அதிகத் தள்ளுபடிக்கு ஏலம் எடுத்து வீட்டுக் கடனில் கட்டினால், குறைந்த வட்டிக் கடனை அடைக்கக் கூடுதல் வட்டிக் கடன் வாங்கியதாகத்தான் ஆகும். சொந்தத் தொழிலில் கையில் பணம் வந்து போகிறவர்களுக்கு ஓவர் டிராஃப்ட் வகை வீட்டுக் கடன் பொருந்தும். ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெயின் அந்த வகை. போட்டுவைத்த பணத்தின் அளவுக்கு அத்தனை நாளும் கடன் வட்டி ஓடாது, தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளவும் முடியும். எடுக்க முடியும் என்பதே சில வீடுகளில் அதன் குறை.

கடனை வைத்திருந்தால் வரிச் சலுகை என்பது பாதி உண்மை. பழைய முறையில், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வருடத்துக்கு 2 லட்சம் ரூபாய் வட்டி வரைதான் கழிவு. 40 லட்சக் கடனின் முதல் வருட வட்டி 3 லட்சத்து 37 ஆயிரம். 2 லட்சத்துக்கு மேலான பகுதிக்கு ஒரு பைசா சலுகையும் இல்லை. கடன் பாக்கி 23 லட்சத்து 50 ஆயிரம் வாக்கில் இறங்கும்வரை முன்கூட்டிக் கட்டுவதால் இந்தச் சலுகையில் எதுவும் போகாது. கணவன், மனைவி இருவரும் உரிமையாளர்களாகவும் கடன்காரர்களாகவும் இருந்தால் வரம்பு ஆளுக்கு 2 லட்சம். அப்போது கணக்கு மாறும். புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவே கிடையாது. 2025-26 முதல் சம்பளக்காரருக்கு 12 லட்சத்து 75 ஆயிரம் வரை வரியே இல்லை என்பதால் பலர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அவர்களுக்குக் கடனை நீட்டிவைக்க வரி ஒரு காரணமாக முடியாது.

கடைசித் தவணை கட்டியதோடு வேலை முடிவதில்லை. முடிக்கும் தேதிவரைக்குமான வட்டியோடு பாக்கிக் கணக்கை வங்கியிடம் எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையைக் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றைப் பெறவேண்டும். 2023 டிசம்பர் 1 முதல், கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தந்தாகவேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு தரவேண்டும். கடன் வாங்கியபோது ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியல் ஒன்று கொடுத்திருப்பார்கள். மூலப் பத்திரம், தாய்ப் பத்திரம் என்று ஒவ்வொன்றையும், பக்கங்கள் உட்பட, அந்தப் பட்டியலோடு ஒத்துப்பார்த்தபின்தான் கையெழுத்துப் போடவேண்டும்.

தமிழ்நாட்டில் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருப்பார்கள், எம்.ஓ.டி. என்பது அதுதான். வங்கி அதிகாரி கையெழுத்திட்டு ரசீது ஆவணம் பதியாதவரை, கடன் அடைந்த பின்பும் வில்லங்கச் சான்றில் அந்த ஒப்படைப்பு பாக்கியாகவே நிற்கும். விற்கவோ, பிள்ளைகள் பேரில் எழுதவோ போகும்போதுதான் தெரியவரும். ரசீது பதிந்த சில நாளில் பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கம் போட்டு, அதன் எண்ணும் தேதியும் ஏறியிருக்கிறதா என்று பார்க்கலாம். சிபில் அறிக்கையிலும் கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்பதை அதற்கடுத்த ஓரிரு மாதத்தில் பார்த்துவிட வேண்டும். மாதத் தவணைக்காக வங்கிக்குக் கொடுத்திருந்த, கணக்கில் தானாகப் பிடிக்கும் உத்தரவும் ரத்தாகியிருக்கவேண்டும்.