வாடகைக் கேமராவும் நம் தெருக் கதையும்

லால்குடி, முசிறி, மண்ணச்சநல்லூர் பக்கத்து ஊர்களில் இருந்து திருச்சிக்கு வந்து காட்சித் தொடர்பியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்குக் கடைசி ஆண்டில் ஒரு கேள்வி வருகிறது. குறும்படம் எடுக்க வேண்டும், கேமராவுக்கு எங்கே போவது? ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமராவில் பாடி மட்டுமே பெரும்பாலும் ஒரு லட்சத்துக்கு மேல். லென்ஸ் தனி. வாடகைதான் வழி.

‘செல்போன் போதாதா?’ என்று வீட்டில் கேட்பார்கள். பகல் வெளிச்சத்தில் போதும். ஒற்றை பல்பு எரியும் வீட்டுக்குள் பாட்டியைப் பேச வைக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். பல செல்போன்கள் முகத்தை வழித்து, நிறத்தையும் கூட்டிக் காட்டிவிடுகின்றன. இது இன்றைய கோளாறு அல்ல. கலர் பிலிம் காலத்தில் கோடக் நிறுவனம் ‘ஷெர்லி அட்டை’ என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை வைத்துத்தான் நிறத்தைச் சரிபார்த்தது. கறுப்பு முகங்கள் அதில் இருண்டு போயின. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அளவு 36 மி.மீ.க்கு 24 மி.மீ. குறைந்த வெளிச்சத்திலும் நம் நிறத்தை நம் நிறமாகவே வாங்கும்.

எடையும் குறைந்துவிட்டது. முன்பு கல்யாண வீடுகளில் பார்த்த கேனான் 5டி மார்க் 4, பேட்டரியோடு 890 கிராம். இன்றைய கேனான் ஆர்8 461 கிராம், சோனி ஏ7சி மார்க் 2 514 கிராம். டவுன் பஸ்ஸில் தோள்பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் ஆர்8 போன்ற சின்ன பாடிகளில் விசிறி கிடையாது. திருச்சி சித்திரை வெயிலில் 4கே, 60 ஃப்ரேமில் ஓட்டினால் சூடேறி நின்றுவிடலாம். 25 ஃப்ரேம், ஷட்டர் 50இல் ஒன்று என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் மினுக்காது. 100 எம்பிபிஎஸ் வேகத்தில் 4கே பதிவு செய்தால் 64 ஜிபி கார்டு சுமார் 85 நிமிடம் வரும். வாடகை நாள் கணக்கில் ஓடுகிறது, அதனால் யாரிடம் என்ன கேட்பது என்பதை முதல் நாளே எழுதி முடித்துவிடுங்கள்.

கடையில் ஆதாரும் முன்பணமும் கேட்பார்கள். நான் கூடப்போன ஒரு மாணவனின் ஆதாரை வாங்கிப் பார்த்த கடைக்காரர், முகவரியில் ‘காலனி’ என்ற சொல் வந்ததும் முன்பணத்தை இரட்டிப்பாக்கினார். கேட்டால், ‘வெளியூர், அதான்’ என்றார். பின்னால் நின்ற இன்னொரு வெளியூர்ப் பையனுக்கு அந்தக் கணக்கு வரவில்லை. அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அந்தச் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். கடைக்காரர் கண்ணிலிருந்து அது எப்போது நீங்குமோ தெரியாது. அதுவரை கல்லூரித் துறைத் தலைவரின் கடிதத்தோடு போங்கள். ஆதார் அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், எண் மறைக்கப்பட்ட நகல் போதும். முன்பணத்துக்கு ரசீது கேளுங்கள். லென்ஸில் கீறல் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து, செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ரசீதில் கேமராவின் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். இது முன்பணத்துக்காக மட்டும் அல்ல. ஊரில் சுடுகாட்டுப் பாதையை மறிப்பதையோ, கோயில் வாசலில் தடுப்பதையோ நீங்கள் பதிவு செய்தால், நாளை அது நீதிமன்றத்துக்குப் போகலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷ்ய அதிநியம், பிரிவு 63இன்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் இணைக்க வேண்டும். அந்தப் படிவத்தில் கருவியின் மாடல், சீரியல் எண், பதிவின் ஹாஷ் மதிப்பு எல்லாம் கேட்கப்படுகின்றன. கருவி உங்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை, ‘இயக்கியவர்’ என்றும் குறிக்கலாம். அதனால் கேமராவைத் திருப்பிக் கொடுங்கள், கார்டைக் கொடுக்காதீர்கள். கார்டு உங்கள் சொந்தக் காசில் வாங்கியதாக இருக்கட்டும். அதில் இருப்பதை வெட்டாமல், பெயர் மாற்றாமல் அப்படியே வையுங்கள். எடிட்டிங் எல்லாம் நகலில்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ(10) பிரிவு, அச்சட்டக் குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகள் அனைத்தையும் வீடியோவில் பதிவு செய்யச் சொல்கிறது. 2016 ஜனவரி 26 முதல் அது அமலில் இருக்கிறது. வழக்குள்ள குடும்பங்கள் கேட்டுப் பெற வேண்டிய உரிமை இது.

படம் எடுத்து என்ன ஆகும் என்பவர்கள் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தைப் பார்க்கட்டும். மதுரை திவ்யபாரதி 2017இல் வெளியிட்டது. மலக்குழி மரணங்களைத் தமிழகம் பேசியே ஆக வேண்டிய நிலைக்கு அது கொண்டுவந்தது. ஒளிப்பதிவு செய்த எம்.பழனி குமார், மீன் விற்கும் தாயின் மகன். 2022இல் தயாநிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்போது அவர் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். திருச்சியிலும் எடுக்க வேண்டியது இருக்கிறது. மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சாதி பார்த்துப் பிரித்த சுவர் ஒன்று போதும்.

கை பழக ஸ்ரீரங்கத்துக்குப் போங்கள். கோயிலுக்குள் செல்போனுக்கே 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தடை சொல்லிவிட்டது. வெளியே 236 அடி ராஜகோபுரம் இருக்கிறது, விடிகாலை அம்மா மண்டபம் இருக்கிறது. தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட உறையூர்த் திருப்பாணாழ்வார் காவிரிக் கரையில் ஒதுங்கி நின்றுதான் பாடினார் என்கிறது வைணவ மரபு. லோகசாரங்க முனிவர் தோளில் சுமந்த பிறகுதான் அவர் உள்ளே போனாராம். அவருடைய பத்துப் பாட்டும் பாதத்தில் தொடங்கி மெல்ல மேலேறி கண்ணுக்கு வருகின்றன. சினிமாக்காரர்கள் இதை ‘டில்ட் அப்’ என்பார்கள். கோபுரத்தை அப்படி ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கை நடுங்காமல் வந்துவிட்டால், மறுநாள் காலை முதல் பஸ்ஸில் உங்கள் ஊருக்குப் புறப்படலாம். கேமரா திரும்ப வேண்டிய நேரம் ரசீதில் இருக்கும்.