முன்னால் வந்தவருக்கு முதல் இடம் இல்லை! குழந்தைகள் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நடப்பது என்ன?

சென்னை நகரில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி. இரவு மணி 9. அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு நீளப் பெஞ்சு. அதில் புளியந்தோப்பில் இருந்து வந்த கணவன்-மனைவி. அம்மா மடியில் 3 வயதுப் பையன். உடம்பு அனலாகக் கொதிக்கிறது.

அவர்கள் வந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. வந்ததும் நர்சு பையனைப் பார்த்தார். காய்ச்சல் மருந்து கொடுத்தார். "உட்காருங்க, கூப்பிடுறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது ஒரு ஆட்டோ பறந்து வந்து நின்றது. ஒரு பெண் கைக்குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார். அவர் சீட்டு வாங்கவில்லை. பெயர் கூடச் சொல்லவில்லை. நர்சு குழந்தையின் நெஞ்சைப் பார்த்தார். அப்படியே வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

புளியந்தோப்புக்காரருக்கு ஆத்திரம் பொங்கியது.

"இன்னா சிஸ்டர் இது? எம்மாம் நேரமா குந்திக்கினு கீறோம்! இப்ப வந்தவங்கள உள்ள வுடுறீங்களே! நாங்க மனுசங்க இல்லியா?"

வெளியே வந்த நர்சு நிதானமாகச் சொன்னார்: "அண்ணே, உங்க பையன் அழுவுறான், தண்ணி குடிக்கிறான், அம்மாவ பார்க்கிறான். அந்தக் கொழந்தை மூச்சு விட முடியாம தவிக்குது. இங்க காத்திருக்கச் சொன்னா அது நல்ல சேதின்னு நெனச்சுக்குங்க."

இந்தச் சண்டை ஏதோ ஒரு நாள் நடப்பதல்ல. அவசரப் பிரிவுகளின் வாசலில் அடிக்கடி கேட்கும் சண்டைதான். விஷயம் தெரிந்தால் பாதிச் சண்டை குறையும். சில உயிர்களும் பிழைக்கும்.

ரேஷன் கடை வரிசை அல்ல

ரேஷன் கடையில் முன்னால் நிற்பவருக்கு முதலில் அரிசி. சினிமா கொட்டகையிலும் அப்படித்தான். அவசரப் பிரிவில் அந்தக் கணக்கு செல்லாது. யார் முதலில் வந்தார் என்பது அங்கே கேள்வி அல்ல. யாருக்கு ஆபத்து அதிகம் என்பதுதான் கேள்வி.

இப்படிப் பிரித்துப் பார்ப்பதற்கு "டிரையேஜ்" என்று பெயர். பிரெஞ்சு சொல். மாவீரன் நெப்போலியன் படையில் லாரே என்று ஒரு டாக்டர் இருந்தார். காயம் பட்டவர் தளபதியா, சிப்பாயா என்று பார்க்காதே, காயம் எவ்வளவு பெரியது என்று மட்டும் பார் என்பது அவர் வகுத்த முறை. அதுதான் இன்று உலகம் முழுவதும் நடக்கிறது.

ஆஸ்பத்திரியில் இறக்கும் குழந்தைகளில் பலர், வந்து சேர்ந்த முதல் 24 மணி நேரத்துக்குள் இறக்கிறார்கள். அதனால்தான் வாசலிலேயே ஆபத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கென்று 2005-ம் ஆண்டில் ஒரு பயிற்சி நூலும் வெளியிட்டது.

சிவப்பு, மஞ்சள், பச்சை

போக்குவரத்து விளக்கு போல மூன்று நிறம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சிவப்பு: ஒரு நிமிடம் கூடக் காத்திருக்கக் கூடாத குழந்தை. மூச்சுத் திணறல். நாக்கும் உதடும் நீலம் பூத்தல். வலிப்பு. கூப்பிட்டால் விழிக்காமல் கிடத்தல். கை கால் சில்லிட்டு நாடி தளர்ந்து போதல். வயிற்றுப்போக்கில் கண் குழி விழுந்து, தோலைக் கிள்ளிவிட்டால் மிக மெதுவாகத் திரும்புதல்.

மஞ்சள்: வரிசையில் முன்னால் போக வேண்டிய குழந்தை. பிறந்து 2 மாதம் ஆகாத எந்தக் குழந்தையும் இதில் சேரும். கடும் காய்ச்சல், தாங்க முடியாத வலி, விஷம் குடித்தது, பெரிய தீக்காயம், உடல் வெளுத்துப் போனது, ஓயாமல் சிணுங்குவது, சோர்ந்து துவள்வது எல்லாம் இந்த வகை.

பச்சை: காத்திருக்கலாம். சாதாரண சளி, லேசான காய்ச்சல், ஓடியாடும் குழந்தை.

நர்சு என்ன பார்க்கிறார்?

முதலில் மூச்சு. ஒரு நிமிடம் முழுதாக எண்ணுவார். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் போனால் வேக மூச்சு. 2 மாதம் முதல் 1 வயது வரை 50. 1 வயது முதல் 5 வயது வரை 40. வீட்டிலும் எண்ணலாம். குழந்தை அழாமல் இருக்கும்போது எண்ண வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினால் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். கிளம்பிவிட வேண்டும்.

அடுத்தது விரலில் ஒரு கிளிப். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது காட்டும். வலிக்காது. பிறகு நகத்தை அழுத்தி விடுவார். வெளுத்த இடம் மறுபடி சிவக்க 3 விநாடிக்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் சரியில்லை என்று சந்தேகம்.

எடையும் பார்ப்பார்கள். "காய்ச்சலுக்கு வந்தால் எடை எதற்கு?" என்று சிலர் முணுமுணுப்பார்கள். குழந்தைக்கு மருந்து அளவு எடையை வைத்துத்தான். எடை தப்பினால் மருந்தும் தப்பும்.

டாக்டரிடம் என்ன சொல்வது?

கதை வேண்டாம். கணக்கு வேண்டும். எத்தனை நாளாகக் காய்ச்சல்? எத்தனை தடவை வாந்தி, பேதி? கடைசியாக எப்போது சிறுநீர் போனது? பால், தண்ணீர் குடிக்கிறதா?

மிக முக்கியம்: என்ன மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்? மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் கொடுத்ததாக இருந்தாலும் மறைக்க வேண்டாம். திட்டுவார்களே என்று பயந்து மறைத்தால், அதே மருந்து இரண்டு தடவை உள்ளே போகும். மருந்து பாட்டில், பழைய சீட்டு, தடுப்பூசி அட்டை மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வருவது நல்லது.

குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் அந்த டப்பாவையும் கொண்டு வர வேண்டும். மண்ணெண்ணெய், கற்பூரம் போன்றவற்றை விழுங்கிய குழந்தையை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. மண்ணெண்ணெய் நுரையீரலில் இறங்கினால் வினை.

உள்ளே போன பிறகு...

உள்ளே போனால் உடனே குளுக்கோஸ் ஏற்றுவார்கள் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். ஏற்றாவிட்டால் "ஒண்ணுமே பண்ணல" என்று குறை. அது தவறு. பேதி ஆகும் குழந்தை வாயால் குடிக்க முடிந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல் போதும். கரண்டி கரண்டியாக அம்மாவே கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, மறுபடி மெதுவாகக் கொடுக்க வேண்டும். இழுப்பு உள்ள குழந்தைக்கு முகமூடி வைத்துப் புகை போன்ற மருந்து கொடுப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நெஞ்சைப் பார்ப்பார்கள்.

சில மணி நேரம் வைத்துக் கவனிப்பதும் வைத்தியம்தான். அதற்குப் பிறகே வீடா, வார்டா என்று முடிவாகும். இதற்கிடையே பசிக்கிறதே என்று பன், பிஸ்கட் வாங்கி ஊட்டிவிடக் கூடாது. தையல், ஆபரேஷன் என்று வந்தால் வெறும் வயிறு தேவைப்படும். நர்சிடம் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும்.

ஆட்டோவா, 108-ஆ?

மூச்சுத் திணறல், நிற்காத வலிப்பு, மயக்கம் என்றால் 108-ஐ அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2008-ல் தொடங்கிய இந்த ஆம்புலன்சுக்குக் காசு கிடையாது. வழியிலேயே ஆக்சிஜன் கொடுக்க ஆள் உண்டு.

எழும்பூருக்குப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரி ஹால்ஸ் சாலையில் இருக்கிறது. பிரசவ ஆஸ்பத்திரி பாந்தியன் சாலையில் இருக்கிறது. வெறுமனே "எழும்பூர் ஆஸ்பத்திரி" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் வாசல் மாறிப் போகும். சாலையின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மணி 10: பெஞ்சில் அலறல்!

மறுபடி அந்தப் பெஞ்சுக்கு வருவோம்.

மணி 10 இருக்கும். "ஐயோ, புள்ளையப் பாருங்களேன்!" என்று ஒரு அலறல். புளியந்தோப்புப் பையனுக்குக் கண் மேலே சொருகியது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

அப்பா பதறிப்போய்ச் சட்டைப் பையில் இருந்த சாவிக் கொத்தை எடுத்தார். பையன் கையில் திணிக்கப் பார்த்தார். ஓடி வந்த நர்சு அதைத் தட்டிவிட்டார்.

"சாவி வேணாம்ணே! வாயில எதையும் வைக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க!"

அடுத்த நொடி பையன் உள்ளே இருந்தான். பெஞ்சில் அப்போது ஆறேழு குடும்பங்கள். அவருக்கு முன்பே வந்தவர்களும் அதில் உண்டு. ஒருவரும் வாய் திறக்கவில்லை. காலை மடக்கி வழி விட்டார்கள்.

வலிப்பு நின்றது. காய்ச்சல் வலிப்பு என்றார் டாக்டர். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வருவது இது. பார்க்கப் பயங்கரம், பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும். 5 நிமிடம் தாண்டினால்தான் பெரிய ஆபத்து. ஆனாலும் முதல் தடவை வந்தால் ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும்.

விடிந்தது

காலை 6 மணிக்குப் பையன் இட்லி கேட்டான். வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். மருந்து எப்படிக் கொடுப்பது, எப்போது மறுபடி வர வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். சீட்டில் எழுதாவிட்டாலும் இந்த இரண்டையும் கேட்டுக்கொள்ளாமல் யாரும் கிளம்பக் கூடாது.

"காய்ச்சல் விட்டுடுச்சுன்னு அசந்துடாதீங்க" என்றும் எச்சரித்தார். டெங்குவாக இருந்தால் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்து தலை தூக்கும். வயிற்று வலி, ஓயாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல். இதில் ஒன்று கண்டாலும் மறுபடி ஓடி வர வேண்டும்.

வாசலில் அந்த நர்சு பணி முடிந்து கிளம்பிக்கொண்டு இருந்தார். அப்பா தயங்கித் தயங்கி அருகில் போனார்.

"ராத்திரி கத்திட்டேன் சிஸ்டர். மனசுல வச்சுக்காதீங்க."

"கத்துனது தப்பில்லண்ணே. பையனுக்கு இழுத்தப்போ கத்துனீங்க பாருங்க, அதுதான் சரியான கத்தல். காத்திருக்கும்போது கொழந்தை முகத்தையே பார்த்துக்கினு இருங்க. மாறிச்சுன்னா கூப்பிடுங்க. வரிசைய பார்க்காதீங்க."

பையனைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.