உதவிக் கணக்கு ஷீட்டும் அதில் ஓடும் எக்ஸ்டென்ஷனும்



நம் அறக்கட்டளையின் உதவிக் கணக்கு நோட்டுப் புத்தகத்திலிருந்து கூகுள் ஷீட்டுக்கு மாறியது உறுப்பினர்கள் பலருக்கும் தெரியும். தொண்டர்களில் ஒருவருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட், இன்னொருவருக்குக் காக்களூர் தொழிற்பேட்டையில் பகல் ஷிப்ட். சகோதரிகள் வீட்டிலிருந்தே விவரம் பதிகிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வேப்பம்பட்டில் கூடி உட்கார வழியில்லை. ஷீட்டில் ஒருவர் எழுதுவது மற்றவர் போனில் உடனே தெரிகிறது. ஒரு வீட்டுக்கு இரண்டு முறை ரமளான் மளிகை போய், அடுத்த தெருவில் ஒரு வீடு விடுபட்டுப்போகும் பழைய தொல்லை இதனால் வெகுவாகக் குறைந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் ஷீட் எழுதியதை வைத்திருக்குமே தவிர, இந்த மாதம் மருந்துப் பணம் யாருக்கு இன்னும் போகவில்லை என்று தானாக நினைவூட்டாது. அதைச் செய்ய வைப்பதுதான் எக்ஸ்டென்ஷன். ஷீட்டின் மேலே அதே பெயரில் ஒரு மெனு இருக்கிறது. அதற்குள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட். கூகுள் இதை 2009இல் கொண்டுவந்தது. எழுதுவது ஜாவாஸ்கிரிப்ட் மொழியில். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமான மொழிதான். நம் கணினியில் எதையும் ஏற்ற வேண்டாம், கூகுளின் கணினியிலேயே அது ஓடும்.

எப்போது ஓட வேண்டும் என்று சொல்வதற்கு ட்ரிகர் என்று பெயர். யாராவது ஒரு கட்டத்தைத் திருத்தியதும் ஓடு என்பது ஒரு வகை. தினமும் காலையில் ஓடு என்பது இன்னொரு வகை. எங்கள் முதல் ஸ்கிரிப்ட், ஒரே ரேஷன் கார்டு எண் இரண்டாம் முறை வந்தால் கட்டத்தைச் சிவப்பாக்கியது. (இதற்கு ஸ்கிரிப்டே தேவையில்லை, ஷீட்டில் உள்ள கண்டிஷனல் ஃபார்மட்டிங் போதும் என்பது பிறகுதான் தெரிந்தது.) இரண்டாவது, ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வரிசை எண் கொடுத்தது. இரண்டு பேர் ஒரே நொடியில் பதிந்தால் இருவருக்கும் ஒரே எண் விழக்கூடும். அதனால் ஒருவருக்கு எண் கொடுத்து முடியும்வரை அடுத்தவரைக் காக்க வைக்கும் 'லாக்' ஒன்றும் எழுத வேண்டியிருந்தது. பலர் கூடி எழுதும் இடத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். இலவசக் கணக்கில் ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் மின்னஞ்சல் போகும், ஒரு ஓட்டம் 6 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்புகளும் உண்டு. நம் வேலைக்கு அது தாராளம்.

மூன்றாவது ஸ்கிரிப்டில்தான் தவறினோம். மாதாந்திர மருத்துவ உதவி பாக்கியுள்ளவர்களின் பட்டியலைப் பொருளாளருக்குத் தினமும் காலையில் அது அனுப்பிவந்தது. அதை எழுதிக் கொடுத்த தம்பிக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. அவர் போன பிறகு, ஜாக்கிரதையாக இருப்பதாக நினைத்து, ஷீட்டைத் திறக்கும் அவருடைய உரிமையை நாங்களே எடுத்துவிட்டோம். நேரம் வைத்து ஓடும் ட்ரிகர், அதை அமைத்தவரின் கணக்கில்தான் ஓடும் என்பது எங்களுக்குத் தெரியாது. அது நின்றுபோனது. ஓடவில்லை என்ற அறிவிப்பும் அவருடைய பழைய மின்னஞ்சலுக்கே போனது. அவர் அதைப் பார்ப்பதில்லை. பட்டியல் வராததைக் கண்ட நாங்கள் பாக்கி யாருமில்லை என்று எடுத்துக்கொண்டோம். டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர் ஒருவருக்கு இரண்டு மாதம் பணம் போகவில்லை. அவர் வாய் திறந்து கேட்கவும் இல்லை. மூன்றாம் மாதம் ஜும்ஆவில் பார்த்து நலம் விசாரித்தபோது, கடன் வாங்கிச் சமாளித்ததாகச் சொன்னார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

இப்போது ட்ரிகர்கள் எல்லாம் அறக்கட்டளையின் பொதுக் கணக்கில் அமைக்கப்பட்டுள்ளன. அதை மீட்கும் வழி இரண்டு நிர்வாகிகளிடம் இருக்கிறது. பாக்கி யாரும் இல்லாத நாளிலும் 'இன்று பாக்கி இல்லை' என்று ஒரு வரி வந்தாக வேண்டும். வராவிட்டால் பொருளாளர் உடனே ஷீட்டைத் திறந்து பார்க்கிறார்.

இதைச் சரிசெய்யும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஸ்கிரிப்டை முதல் முறை ஓட்டும்போது கூகுள் அனுமதி கேட்கும். உங்கள் ஷீட்டுகள் அனைத்தையும் பார்க்க, திருத்த, உருவாக்க, அழிக்க அனுமதிக்கிறீர்களா என்பது அந்தக் கேள்வி. அனைத்தையும் என்ற சொல்லை யாரும் நின்று படிப்பதில்லை. ஸ்கிரிப்டின் தலைப்பில் 'ஒன்லி கரண்ட் டாக்' என்ற குறிப்பைச் சேர்த்தால் அந்த ஒரு ஷீட்டோடு அனுமதி நின்றுவிடும். வெளியார் எழுதிய ஆட்-ஆன்களைச் சேர்க்கும்போது இதில் இன்னும் கவனம் வேண்டும். ஜகாத் பெறுகிறவரின் பெயரும் நோயும் யாரோ ஒருவரின் நிரலுக்குள் போக நாம் காரணமாகக் கூடாது. கொடுப்பதை மறைத்துக் கொடுப்பதன் சிறப்பைப் பயான்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 2023இல் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று சட்டமும் வந்திருக்கிறது. அதனால் பொது ஷீட்டில் பெயர்களை நீக்கி எண் மட்டும் வைத்திருக்கிறோம். எண் யாருடையது என்ற பட்டியல் தனி ஷீட்டில், மூன்று பேர் பார்வையில் மட்டும் இருக்கிறது. அதில் எந்த ஸ்கிரிப்டும் கிடையாது.

நம் மாநிலத்தில் வளர்ந்த ஸோஹோவின் கிளிக் என்ற அரட்டைத் தளத்திலும் இப்படிப் பாட்களும் கட்டளைகளும் எழுதலாம். அதற்கு டெல்யூஜ் என்று தனி மொழி உண்டு. ஆர்வமுள்ள பிள்ளைகள் இரண்டையும் பழகிக்கொள்ளட்டும்.

எங்கள் ஸ்கிரிப்டுகளின் அச்சுப் பிரதியும், எந்தக் கணக்கில் எந்த ட்ரிகர் ஓடுகிறது என்ற ஒரு பக்கக் குறிப்பும் அலுவலக பீரோவில் ரசீதுப் புத்தகங்களோடு இருக்கின்றன. ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் வந்தால், இன்ஷா அல்லாஹ், எடுத்துக் காட்டுகிறோம்.